நாய்க்கு எந்தப் பூச்சி மருந்து? பெட்டியின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்

நாய்க்கான பூச்சி மருந்து வரிசையைப் பார்த்தால் தலை சுற்றும். சிரப், மாத்திரை, மெல்லும் மாத்திரை, கழுத்துத் தோலில் விடும் சொட்டு மருந்து என்று வகை வகையாக, ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட பெயர்கள். ஆனால் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் விஷயம் சட்டென்று சுருங்கிவிடும். பைரான்டெல், ஃபென்பென்டசோல், ஃபெபான்டெல், பிரசிகுவான்டெல், மில்பெமைசின், மாக்ஸிடெக்டின். பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றோ, இரண்டு மூன்று சேர்ந்த கலவையோதான் உள்ளே இருக்கும்.

ஆகவே எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம். அதிகப் புழுக்களின் பெயர் அச்சிட்ட பெட்டியே சிறந்தது என்று எடுத்துக்கொண்டு போவதும் சரியான வழி இல்லை. நாயின் வயது, எடை, அதற்கு எந்தப் புழு வர வாய்ப்பு அதிகம் என்ற மூன்றும் தெரிந்தால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

எந்தப் புழு, எங்கிருந்து

உருண்டைப்புழு முக்கியமாகக் குட்டிகளின் தொல்லை. தாய் நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது சினையாக இருக்கும் காலத்தின் பிற்பகுதியில் விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். பிறந்த பிறகு பாலிலும் கொஞ்சம் வரும். அதனால் தரையில் சரியாகக் கால் ஊன்றாத குட்டிக்கும் வயிற்றில் புழு இருக்கும். மூன்றாவது வாரத்திலேயே அதன் மலத்தில் முட்டைகள் வரத் தொடங்கலாம். வளர்ந்த நாயில் இதன் ஆட்டம் குறைந்துவிடும், முழுவதுமாக நிற்காது.

கொக்கிப்புழு அளவில் சிறியது, ஆபத்தில் பெரியது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். தாய்ப்பால் வழியாக வரும், மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்துக்கொண்டும் வரும். குட்டியின் ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்திருந்தால் கடைக்கு ஓட வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். அந்த நிலையில் மருந்தைவிட ரத்தம் ஏற்றுவது அவசரமாக இருக்கலாம்.

சாட்டைப்புழு பெருங்குடலில் குடியிருக்கும். விட்டுவிட்டு வரும் சளி கலந்த பேதிதான் பெரும்பாலும் இதன் அடையாளம். நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாகவோ, பச்சை இறைச்சி, உள்ளுறுப்பு, எலி போன்றவற்றைத் தின்பதாலோ வருகிறது. இதயப்புழுவின் கதை வேறு. அது கொசு வழியாக வந்து, இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் வளர்கிறது. குடல் புழுவுக்கான சாதாரண மாத்திரை அதைத் தொடக்கூட முடியாது.

பைரான்டெல் மட்டும்

தனி பைரான்டெல் சிரப் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் பார்த்துக்கொள்ளும். சாட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் பயனில்லை. இப்படிச் சொன்னால் மட்டமான மருந்து போலத் தோன்றும். ஆனால் இரண்டு வாரக் குட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். குடலிலிருந்து ரத்தத்துக்கு இது மிகக் குறைவாகவே போகிறது. புழுவின் தசையை முறுக்கி முடக்கிவிடும், அப்புறம் குடல் தானாகவே வெளியே தள்ளிவிடும். கொடுத்த ஓரிரு நாளில் மலத்தில் நெளியும் புழுக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

வழக்கமான அளவு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். இங்கே ஒரு குழப்பம் உண்டு. சில பெட்டிகளில் பைரான்டெல் என்று தனியாகவும், சிலவற்றில் பைரான்டெல் பாமோயேட் அல்லது எம்போனேட் என்ற உப்பாகவும் எடை போட்டிருப்பார்கள். 144 மில்லிகிராம் உப்பில் உண்மையான பைரான்டெல் 50 மில்லிகிராம்தான். இது தெரியாமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டால், ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு வீரியம் என்று தோன்றிவிடும்.

ஃபென்பென்டசோல்: மூன்று நாள் வைத்தியம்

இதன் முறை கிலோவுக்கு 50 மில்லிகிராம், தொடர்ந்து மூன்று நாள். 12 கிலோ நாய் என்றால் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம். உணவோடு கொடுத்தால் நன்றாக உள்ளே போகும். உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றுக்கும் பயன்படும். நாடாப்புழுவில் டீனியா வகைக்குச் சரி, தெள்ளுப்பூச்சி கொண்டுவரும் டிபிலிடியம் வகைக்குப் பயன்படாது. வீட்டு நாய்களில் அடிக்கடி தென்படும் நாடாப்புழு அந்த டிபிலிடியம்தான் என்பதால், பெட்டியில் 'நாடாப்புழுவுக்கும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

குறை என்று சொன்னால் அந்த மூன்று நாள்தான். இரண்டாவது நாள் மறந்துவிடும், அல்லது முதல் நாளே பேதி நின்றுவிட்டது என்று விட்டுவிடுவார்கள். இந்த மருந்து புழுவின் செல்லுக்குள் இருக்கும் கட்டமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைத்துப் பட்டினி போட்டுக் கொல்வது. அதற்கு ஒரு நாள் போதாது.

சாட்டைப்புழு உறுதியானால் என் முதல் தேர்வு இதுவே, ஆனால் ஒரு சுற்றோடு முடித்துவிடக் கூடாது. சாட்டைப்புழு உள்ளே போய் முட்டையிடும் பருவம் வர மூன்று மாதம்வரை ஆகும். இளம்பருவப் புழுக்கள் மருந்துக்கு அவ்வளவு எளிதில் அசைவதும் இல்லை. அதனால்தான் மாதத்துக்கு ஒரு சுற்று என மூன்று மாதம் தொடரச் சொல்கிறார்கள். அதன் முட்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், மலத்தை உடனுக்குடன் அள்ளாமல் மருந்து மட்டும் கொடுத்தால் சுற்றுகள் முடியவே முடியாது.

சினை நாய்க்கும் ஃபென்பென்டசோலுக்குத் தனி இடம் உண்டு. கருவுற்ற 40ஆம் நாளிலிருந்து குட்டி ஈன்று இரண்டு நாள்வரை தினமும் கிலோவுக்கு 25 மில்லிகிராம் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. விழித்தெழும் இளம்புழுக்கள் குட்டிக்குப் போவதை இது நன்றாகக் குறைக்கும். தினசரி, வாரக்கணக்கில் என்பதால் மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

வாங்கும்போது செறிவைப் பாருங்கள். 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம், 10 சதவீதத்தில் 100 மில்லிகிராம். பழைய பாட்டிலுக்குப் போட்ட கணக்கைப் புதியதற்கும் போட்டால் நான்கு மடங்கு கூடும், அல்லது கால்பங்காகும்.

மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை

பிரசிகுவான்டெல், பைரான்டெல், ஃபெபான்டெல் மூன்றும் சேர்ந்த மாத்திரைதான் வளர்ந்த நாய்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது. பொதுவான அளவில் ஒரு மாத்திரை 10 கிலோவுக்கு: பிரசிகுவான்டெல் 50, பைரான்டெல் உப்பு 144, ஃபெபான்டெல் 150 மில்லிகிராம். ஃபெபான்டெல் உடலுக்குள் போய் ஃபென்பென்டசோலாக மாறுகிறது. அது பைரான்டெலோடு சேரும்போது இரண்டின் பலமும் கூடுகிறது, அதனால் ஒரே வேளையில் முடிந்துவிடுகிறது. உருண்டை, கொக்கி, சாட்டை, நாடா நான்கும் அடங்கும்.

எந்தப் புழு என்று தெரியவில்லை, மலப் பரிசோதனை செய்ய வசதியில்லை, நாய் வளர்ந்தது, சினையில்லை என்றால் இதைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. ஆனால் நாடாப்புழு இல்லாத நாய்க்கு ஒவ்வொரு முறையும் பிரசிகுவான்டெலும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருப்பது தேவையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கர்ப்பிணி நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்கக் கூடாது.

நாடாப்புழுவும் தெள்ளுப்பூச்சியும்

ஆசனவாயைச் சுற்றி அரிசி மணி போல ஏதோ ஒட்டியிருக்கிறது, சில சமயம் நெளிகிறது என்றால் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், அது நாடாப்புழுவின் துண்டு. இதற்கு மருந்து பிரசிகுவான்டெல், கிலோவுக்கு சுமார் 5 மில்லிகிராம், ஒரே வேளை. புழுவின் தோலைச் சிதைத்துவிடுவதால் குடலிலேயே செரித்துப் போய்விடும். மலத்தில் புழு வெளியே வரவில்லை, மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மருந்து பலித்தும் மூன்று வாரத்தில் அதே அரிசி மணிகள் திரும்பி வருவதுதான் பெரிய புலம்பல். நாடாப்புழுவின் முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் இளம்புழு தின்கிறது. அது வளர்ந்து பூச்சியாகி நாயின் மேல் ஏறுகிறது, நாய் அரிப்பில் கடித்து அதை விழுங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் குடலில் புது நாடாப்புழு தயார். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் பிரசிகுவான்டெலை மாற்றி மாற்றி வாங்குவது காசுக்குக் கேடு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். படுக்கை விரிப்பு, தரை இடுக்குகள் உட்பட.

பச்சை இறைச்சி, குறிப்பாக ஆட்டின் ஈரல், நுரையீரல் போன்றவற்றைத் தின்னும் நாய்க்குக் கணக்கு வேறு. எக்கினோகாக்கஸ் என்ற சிறிய நாடாப்புழு நாயை எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருந்துகொண்டு, மனிதருக்கு ஈரலில் நீர்க்கட்டியை உண்டாக்கும். பிரசிகுவான்டெல் வருவதற்கு முன்பு இதற்காக நாய்களுக்குக் கொடுக்கப்பட்டது அரிகோலின், அதாவது கொட்டைப்பாக்கிலிருந்து எடுக்கும் பொருள். நாயைப் பயங்கரமாகப் பேதியாக வைத்துப் புழுவை வெளியேற்றும். நியூசிலாந்து இந்த நோயை ஒழிக்க எடுத்த நீண்ட முயற்சியில் அதுவும் ஒரு கருவி. 2002இல்தான் அந்த நாடு நோயிலிருந்து விடுபட்டதாகத் தற்காலிகமாக அறிவித்தது. இன்று ஒரே வேளை மாத்திரையில் முடிவதை நினைத்தால் நாய்கள் கொடுத்து வைத்தவை.

மாதாமாதம் கொடுப்பவை

கொசு உள்ள, இதயப்புழு இருக்கும் இடத்தில் வாழ்ந்தால் மேலே சொன்ன எதுவும் போதாது. மில்பெமைசின், மாக்ஸிடெக்டின், செலாமெக்டின், ஐவர்மெக்டின் ஆகியவை ஒரே குடும்பம். மாதம் ஒருமுறை கொடுத்தால் முந்தைய சில வாரங்களில் கொசு விட்டுச்சென்ற இளம்புழுக்களைக் கொன்றுவிடும். வளர்ந்த இதயப்புழுவுக்கு இது வைத்தியமில்லை. ஏழு மாதம் தாண்டிய நாய்க்குத் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பது இதனால்தான். ஏற்கெனவே ரத்தத்தில் நுண்புழுக்கள் நிறைய இருந்தால், அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். தொற்றிய ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பரிசோதனையில் தெரியும் என்பதால் சின்னக் குட்டிக்குப் பரிசோதனை இல்லாமலே தொடங்கலாம்.

இந்த வரிசையில் மில்பெமைசினோடு பிரசிகுவான்டெல் சேர்ந்த மாத்திரை எனக்குப் பிடித்தது. உருண்டை, கொக்கி, சாட்டை, நாடா, கூடவே மாதாமாதம் கொடுத்தால் இதயப்புழுத் தடுப்பும். மாக்ஸிடெக்டினும் இமிடாகுளோபிரிடும் சேர்ந்த சொட்டு மருந்து, மாத்திரையைத் துப்பிவிடும் நாய்க்கு வரம். ஏழு வாரம் ஆன குட்டியிலிருந்து போடலாம். உருண்டை, கொக்கி, சாட்டை என்ற மூன்று குடல் புழுக்களோடு தெள்ளுப்பூச்சியையும் கொல்லும். நாடாப்புழுவை நேரடியாகக் கொல்லாது. போட்ட இடத்தை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டில் இரண்டு நாய் இருந்தால் ஒன்றை ஒன்று நக்கும். செலாமெக்டின் சொட்டு தெள்ளுப்பூச்சிக்கும் இதயப்புழுத் தடுப்புக்கும் நல்லது, ஆனால் நாயின் கொக்கிப்புழுவுக்கு அதை நம்ப முடியாது.

மாதாமாதம் இப்படி ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது, பழக்க தோஷத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று மருந்து மாத்திரையும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அனேகமாகத் தேவையில்லை. அதற்குப் பதில் நாடாப்புழு தெரியும்போது பிரசிகுவான்டெல் மட்டும் போதும்.

கோலி இன நாய்களுக்கு இங்கே எச்சரிக்கை உண்டு. எம்டிஆர்1 என்ற மரபணுவில் உள்ள குறைபாட்டால் ஐவர்மெக்டின் மூளைக்குள் போய்த் தேங்குகிறது என்பதை 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லாண்ட் ஷீப்டாக் போன்றவற்றிலும் இது உண்டு. இதயப்புழுத் தடுப்பு அளவான கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் அவற்றுக்கும் ஆபத்தில்லை. பிரச்சினை அளவு கூடும்போதுதான்.

எடுக்கக் கூடாதவை

அளவு கூடுவது எப்படி என்றால், ஆடு மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்தை நாய்க்கு வாயில் விடுவதால்தான். 1 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம். 10 கிலோ நாயின் இதயப்புழுத் தடுப்பு அளவு 60 மைக்ரோகிராம், அதாவது 0.006 மில்லி. எந்த சிரிஞ்சிலும் அதை அளக்க முடியாது. ஐவர்மெக்டினுக்கு மூலமான அவெர்மெக்டினைக் கண்டறிந்த வில்லியம் கேம்ப்பெல்லும் சதோஷி ஓமுராவும் 2015இல் நோபல் பரிசு வாங்கினார்கள், அவ்வளவு பெரிய மருந்துதான். அதற்காகக் கண்ணளவில் ஊற்ற முடியுமா?

மனிதருக்கான அல்பென்டசோல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். நாய்களில் அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைக்கக்கூடும். ஃபென்பென்டசோல் இருக்கும்போது அந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும். பிப்பரசின் உருண்டைப்புழுவுக்கு மட்டும் ஆகும் பழைய மருந்து. அதையும் பைரான்டெலையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும்.

பூண்டு, பூசணி விதை வகையறாவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. புழுவை ஒழிக்கும் அளவுக்குப் பூண்டு கொடுத்தால் நாயின் சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும்.

எத்தனை முறை?

குட்டிகள் விஷயத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இரண்டு வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறந்து இரண்டு வாரம்வரை. அப்புறம் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. ஐரோப்பிய செல்லப் பிராணி ஒட்டுண்ணி நிபுணர் குழுவான எஸ்காப் சொல்வது இது. குட்டிகளுக்குக் கொடுக்கும்போது பால் கொடுக்கும் தாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

வளர்ந்த நாய்க்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை கொடுப்பது போதிய பாதுகாப்பு தராது, குறைந்தது நான்கு முறை என்பது அதே குழுவின் பொதுவான ஆலோசனை. வேட்டையாடும், பச்சை இறைச்சி தின்னும், அல்லது மண்ணில் விளையாடும் சின்னக் குழந்தைகளோடு வாழும் நாய்க்கு மாதம் ஒருமுறைகூடத் தேவைப்படலாம். உருண்டைப்புழுவின் முட்டை புதிதாக விழுந்த மலத்தில் தொற்றாது, மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே குழந்தைகளுக்கு நாயைக் கட்டிப்பிடிப்பதைவிட அள்ளாமல் விட்ட மண்ணே பெரிய ஆபத்து.

மருந்துக்குப் பதில் மலப் பரிசோதனை செய்து, இருந்தால் மட்டும் கொடுக்கலாமா? வெளியே அதிகம் அலையாத வளர்ந்த நாய்க்கு இது நல்ல வழி, நான் இதைத்தான் விரும்புவேன். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். புழு முட்டையிடும் பருவத்துக்கு வரும் முன் பரிசோதனையில் தெரியாது. நாடாப்புழு பெரும்பாலும் தப்பிவிடும். வேறு பிராணியின் மலத்தை நாய் தின்றிருந்தால், அதன் உடலில் இல்லாத புழுவின் முட்டையும் தெரியும். குட்டிக்கு மட்டும் பரிசோதனைக்காகக் காத்திருக்கவே கூடாது.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நீங்கள் தனியாகவும் நாயைத் தூக்கிக்கொண்டும் எடை பார்த்துக் கழித்தால் போதும். குட்டி வாரத்துக்கு வாரம் எடை கூடும், போன முறை கொடுத்த அளவு இந்த முறை குறைவாகிவிடும். எமோடெப்சைடு உள்ள மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் கொடுத்து நான்கு மணி நேரம் உணவு வைக்கக் கூடாது. ஃபென்பென்டசோலுக்கு நேரெதிர். ஒரே விதி எல்லா மாத்திரைக்கும் ஒத்துவராது.

மருந்து கொடுத்தும் கொக்கிப்புழு போகவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். குடலில் உள்ளவை செத்ததும், தசையில் உறங்கிய இளம்புழுக்கள் எழுந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வது ஒன்று. மருந்துக்கு அடங்காத புழுவாக இருப்பது இன்னொன்று. அமெரிக்காவில் பந்தயத்தில் ஓடிய கிரேஹவுண்ட் நாய்களில் பல மருந்துகளுக்கும் அடங்காத கொக்கிப்புழு பதிவாகியிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் மலத்தைப் பரிசோதித்து முட்டைகளின் எண்ணிக்கையை எண்ணச் சொல்லுங்கள். அப்போது குறைந்து, ஒரு மாதம் கழித்து மறுபடி ஏறினால் உள்ளிருந்து வருகிறது, அதே மருந்தை மாதாமாதம் தொடரலாம். பத்து நாளிலேயே எண்ணிக்கை குறையாமல் இருந்தால், கொடுத்த அளவு சரிதானா என்று பார்த்துவிட்டு, மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.